ஜஸ்டின்ல போடு

வானகரத்தில் பைபாஸ் ரோட்டை ஒட்டி நிற்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜஸ்டின் என்ற பெயர் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பாத்ரூம் குழாய் மாற்றிய பில் வந்திருக்கிறது, எதில் போடுவது என்று ஒரு பெண் கேட்பாள். ஜஸ்டினில் போடு என்று பதில் வரும். ஹாஸ்டல் வாசலில் பந்தல் பிரித்த கூலியா, அதுவும் ஜஸ்டின். ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றபோது ஓடிப்போய் வாங்கிவந்த புதுச் செருப்பா, சந்தேகமே வேண்டாம், ஜஸ்டின்தான்.

பதில் சொல்கிறவள் யுவராணி. ஐந்து கல்லூரிகள் நடத்தும் ஒரு கல்விக் குழுமத்தின் கணக்கெல்லாம் வந்து சேரும் ஆபீஸ் அது. அங்கே அவள்தான் இருப்பவர்களில் பழைய ஆள். செலவு எதுவானாலும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் எழுதவேண்டும், அதை ஆபீஸ் பாஷையில் ஹெட் என்பார்கள். சம்பளத்துக்கு ஒரு ஹெட், கரண்ட் பில்லுக்கு ஒரு ஹெட், சுண்ணாம்பு அடிப்பதற்குக்கூட ஒரு ஹெட் உண்டு. எதிலும் அடங்காமல் முரண்டு பிடிக்கும் உதிரிச் செலவெல்லாம் ஜஸ்டின் ஹெட்டில் போய் விழும்.

அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார் என்பது அந்த மாடியில் யுவராணி ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் அவளுடைய புருஷன். கொரோனா இரண்டாவது அலையில் போய்ச் சேர்ந்தார். வேப்பம்பட்டில் இருக்கும் வீட்டில் அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. மகன் சந்தோஷ் அப்பா என்பான், அக்கம்பக்கத்தார் சந்தோஷ் அப்பா என்பார்கள். யுவராணியோ கட்டிக்கொண்ட நாள் முதல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவளே இல்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் அது வாயில் வராது. ஆபீஸில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜஸ்டினில் போடு, ஜஸ்டினைத் திற, இந்த மாதம் ஜஸ்டின் எவ்வளவு என்று வாய் நிறையச் சொல்லலாம், மற்றவர்கள் சொல்வதைக் காது குளிரக் கேட்கலாம். அப்படித்தான் இத்தனை நாள் ஓடியது.

இப்போது புது சாஃப்ட்வேர் வருகிறது, பழைய ஹெட்டெல்லாம் போகப்போகிறது என்றார்கள். ஜஸ்டின் ஹெட் போய்விட்டால் அந்தப் பெயரைச் சொல்லவும் கேட்கவும் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை. அவளுடைய கவலை அவ்வளவுதான். இதைக் கொண்டுபோய் எந்த மீட்டிங்கில் சொல்வது?

*

குழுமம் என்ற பெரிய பேரெல்லாம் பின்னால் வந்தது. முதலில் இருந்தது ஒரே ஒரு கல்லூரி, அதுவும் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி வரப்பு வழியாக நடந்து போகவேண்டிய தூரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டுகளாக. மழை பெய்தால் வாத்தியார் பேசுவது முதல் பெஞ்சுக்கே கேட்காது. யுவராணியின் அப்பா துலுக்கானம் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்துவிட்டு, வயலெல்லாம் மனையாகிப் போனபின் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு லோடு இறக்கப் போய்க்கொண்டிருந்தார். மகள் பி.காம். முடித்த வருடம் பார்த்துக் கல்லூரி முளைத்தது. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அவரே அவளை அழைத்துக்கொண்டு போய் விட்டார்.

கணக்காளர் ராஜசேகரன். மாயவரத்துக்காரர், முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீட்டில் குடியிருந்தார். சட்டைப் பையில் சீப்பு, சிவப்புப் பேனா, நீலப் பேனா, இந்த மூன்றும் இல்லாமல் அவரைப் பார்க்கமுடியாது. எல்லாம் அதது இடத்தில் இருக்கவேண்டும் அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷருக்கு வந்து வாய்த்தவர்தான் வேன் டிரைவர் ஜஸ்டின்.

ஜஸ்டினுக்குப் பட்டாபிராம். கல்லூரியில் இருந்த ஒரே வண்டிக்கு ஒரே டிரைவர். காலையில் ஆவடி ஸ்டேஷனிலிருந்து வாத்தியார்களை ஏற்றி வருவார், பிறகு நாள் முழுக்க ஊரைச் சுற்றுவார். சாக்பீஸ் தீர்ந்துபோச்சு, ஜஸ்டின். மைக் செட் வேண்டும், ஜஸ்டின். போர் மோட்டார் புகைகிறது, ஜஸ்டின். வாங்கிவந்த சாமானின் கணக்கை உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு வருவார். பாதிக் கடைகளில் பில் தரமாட்டார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து எழுத்து வேர்வையில் கரைந்திருக்கும். ராஜசேகரன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து ஜோசியர் மாதிரி உற்றுப் பார்ப்பார். ஃபினாயிலா, ஃபியூஸா என்று இருவருக்கும் வாக்குவாதம் நடக்கும்.

ஒரு நாள் ராஜசேகரன் வெறுத்துப்போய்விட்டார். ஒரே கையில் துடைப்பமும் இருக்கிறது, தபேலா வாடகையும் இருக்கிறது, நாய்க்கடி ஊசியும் இருக்கிறது. எதை எந்த ஹெட்டில் சேர்ப்பது? இப்போதைக்கு இருக்கட்டும், வருஷக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு பக்கத்தில் ஜஸ்டின் என்று தலைப்பு எழுதினார். இப்போதைக்கு என்று எழுதியது எப்போதைக்கும் ஆனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது, இருந்த ஹெட்டுகளையெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஏற்றச் சொன்னார்கள், யுவராணிதான் ஏற்றினாள். ஜஸ்டினும் ஏறிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஜஸ்டினுக்குத் தாங்கமுடியாத சிரிப்பு. ஹெட் என்றால் தலைதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"பார்த்துக்கபா, ஊர் செலவு மொத்தமும் என் தலையில கட்டிட்டீங்கோ."

அந்த வருடம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்த பையனுக்கு இந்த ஹெட்டைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. ராஜசேகரன் நடந்ததைச் சொல்வதற்குள் அவனே கண்டுபிடித்துவிட்டான். ஜஸ்ட் இன், அதாவது இப்போதுதான் உள்ளே வந்தது, இன்னும் வகை பிரிக்காத சாமான் கணக்கு, அப்படித்தானே சார் என்றான். டிரைவர் பெயரில் ஒரு ஹெட் ஓடுகிறது என்று ஆடிட்டரிடம் சொல்வதற்கு இது எவ்வளவோ தேவலை என்று ராஜசேகரனும் தலையாட்டிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கூத்து. பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அது ஜஸ்ட் இன்தான். சேர்த்துச் சொன்னால் ரெண்டும் ஒன்று போலத்தான் கேட்கும் என்பதால் யுவராணியும் திருத்தப் போகவில்லை.

*

அவர்களுடைய கல்யாணக் கதை சின்னது. ஃபீஸ் பணத்தை ஆவடி பேங்கில் கட்ட வேனில் போவார்கள். ராஜசேகரன் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், யுவராணி முன்னால். கல்லூரியில் டிரைவர், வாட்ச்மேன் எல்லாரையும் அண்ணே என்றுதான் பெண்கள் கூப்பிடுவது, அவளும் ஜஸ்டின் அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ராஜசேகரன் பேங்குக்குள் போயிருந்த நேரம். ஜஸ்டின் கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை பண்ணிக்கொண்டே சொன்னார்.

"யுவராணி, நீ என்னை கூப்புடும்போது அந்த அண்ணேவ மட்டும் இனிமே வுட்டுடுறியா?"

அதுதான் அவர் சம்மதம் கேட்ட விதம். அவளுக்கும் புரிந்தது, மனசுக்குள் குதிக்காத குறைதான். ஆனால் ஜஸ்டின் அண்ணேவிலிருந்து அண்ணேவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் ஜஸ்டின். கட்டிக்கப்போகிறவரை எப்படி அப்படிச் சொல்வது? அன்றிலிருந்து அவள் அவரை எப்படியும் கூப்பிடவில்லை. தொண்டையைக் கனைப்பாள், வளையலை ஆட்டுவாள், "இந்தா பாருங்க" என்பாள். துலுக்கானத்துக்கு அவர் வேதக்காரர் என்பதில்கூட வருத்தமில்லை, ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற மகளுக்கு வண்டியோட்டுகிற மாப்பிள்ளையா என்பதுதான் மனத்தாங்கல். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அதே வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து கல்யாணச் சாமான் வாங்கப் போனார். காலையில் பட்டாபிராமில் சர்ச், சாயந்திரம் வேப்பம்பட்டில் அம்மன் கோயில். பிள்ளை பிறந்தபோது இரண்டு பக்கமும் ஆட்சேபிக்கமுடியாத பெயராகப் பார்த்து சந்தோஷ் என்று வைத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆபீஸில்தான் வேடிக்கை. ஜஸ்டின் கவுண்டருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கம் யுவராணி அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். தட்டி முடித்ததும், ஜஸ்டினில் போட்டாச்சு சார் என்று ராஜசேகரனிடம் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவக்கும், ஜஸ்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முறைப்படி ஸ்டேஷனரி ஹெட்டில் போகவேண்டியதைக்கூட அவள் அந்த ஹெட்டில் தள்ளுவதை ராஜசேகரன் கவனித்திருக்கிறார். "இந்த மாசம் ஜஸ்டின் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா" என்பார், சிரிக்காமல்.

கல்லூரிகள் ஒன்றிலிருந்து ஐந்தாயின. ஷெட்டுகள் இருந்த இடத்தில் கட்டடங்கள் வந்தன. பஸ் ஓட்டுவதை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியிடம் கொடுத்ததும் ஜஸ்டின் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஆவடி மார்க்கெட் பக்கம் ஓட்ட ஆரம்பித்தார். ராஜசேகரன் ஓய்வு பெற்று மகனோடு மைசூர் போய்விட்டார். யுவராணியை வானகரத்துக்கு மாற்றினார்கள்; ரயிலில் அம்பத்தூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஜஸ்டின் இல்லாமலே ஜஸ்டின் ஹெட் ஓடியது. சாயந்திரம் வீட்டுக்குப் போய், இன்றைக்கு உங்கள் தலையில் ஒரு பன்றி விரட்டிய கூலி விழுந்திருக்கிறது என்று சொன்னால் அவர் அப்படிச் சிரிப்பார்.

பிறகு அந்த வருடம் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று ஆவடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பேஷண்ட் பேர் என்ன என்று கேட்ட நர்ஸ் எதிரில் யுவராணி ஊமை மாதிரி நின்றாள். சந்தோஷ்தான் சொன்னான். அப்புறம் அவரைப் பார்க்கக்கூட விடவில்லை.

ஆபீஸ் திறந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்த ஊரடங்குக்கு முந்திதான் சேர்ந்திருந்த வர்ஷா என்ற பெண், முகக்கவசத்தோடு வந்து ஒரு பில்லை நீட்டி, மேடம் இது ஜஸ்டினிலா என்று கேட்டாள். யுவராணி எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, ஆமாம், ஜஸ்டினில் போடு என்றாள். சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது. அதற்குப் பிறகு அது இல்லாமல் அவளால் ஆபீஸ் நாளை ஓட்டமுடியவில்லை. யார் அந்த ஜஸ்டின் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பிள்ளைகள் பாவம் பார்க்கும். பாவம் பார்த்தால் அவள் இருக்கும் பக்கமாக அந்தப் பெயரையே எடுக்காது. அவளுக்கு வேண்டியது பாவம் இல்லை, அந்தச் சத்தம்.

*

புது சாஃப்ட்வேர் பற்றிய சுற்றறிக்கை வந்தபோது ஐந்து கல்லூரிகளிலும் ஒரு குழப்பம் நடந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து டேக் இல்லாத பில் ஏற்கப்படமாட்டாது என்று அதில் இருந்தது. கல்லூரிகளில் டேக் என்றால் ஒன்றே ஒன்றுதான், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் அந்தப் பட்டைக் கயிறு. டேக் போடாத பையனை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான், அப்படிப்பட்ட டேக். கேன்டீனுக்குக் காய்கறி போடும் அப்துல் ரசாக் மறுநாள் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ரத்த வகை எழுதிய சீட்டுமாக வானகரம் ஆபீஸுக்கே வந்துவிட்டார். வெங்காயம் கொடுத்தவனுக்கு எதுக்கு மேடம் டேக், சரி, போடணும்னா போட்டுக்கறேன் என்றார். யுவராணிக்குச் சிரிப்பு. முதல் நாள் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

விளக்கம் சொல்ல வந்தவன் ஸ்ரீநாத். சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஆள், திருச்சிப் பக்கம், முகப்பேரில் நண்பர்களோடு ஃபிளாட்டில் இருந்தான். நல்ல பையன், பொறுமையாகப் பேசுவான். பழைய முறையில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பெட்டி, அதற்குள் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது என்றான். புதியதில் பெட்டியே கிடையாது. செலவு அதுபாட்டுக்கு இருக்கும், அதன் கழுத்தில் நாம் டேக்குகளை மாட்டவேண்டும். எந்தக் கல்லூரி, எந்தத் துறை, என்ன காரியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக். பிறகு எந்த டேக்கைப் பிடித்து இழுத்தாலும் அதைச் சேர்ந்ததெல்லாம் வரும். கேட்கக் கேட்க யுவராணிக்கே அது பிடித்துப்போனது. ராஜசேகரன் இங்கே இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

அப்படியானால் ஜஸ்டின் என்று ஒரு டேக் செய்துவிடேன் தம்பி என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். செய்யலாம் மேடம், எந்த வார்த்தையையும் டேக் ஆக்கலாம், சபீனா மேடம் சரி சொன்னால் போதும் என்றான். சபீனா குழுமத்தின் நிதி அலுவலர், சி.ஏ. படித்தவள், இளவயசு, நேருக்கு நேர் பேசுகிறவள். அவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். ஜஸ்ட் இன்னை ஒழிக்கத்தான் இவ்வளவு செலவு செய்து புது சாஃப்ட்வேரே வாங்குகிறோம், தெரியாததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்ட மறுபடியும் ஒரு குப்பைத்தொட்டியா என்றாள். குப்பைத்தொட்டி என்ற சொல் யுவராணிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் சபீனா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அது அவளுக்கே தெரியும். ஜஸ்டினே கேட்டிருந்தால் நியாயம்தானே என்றிருப்பார்.

பழைய வருடக் கணக்கும் புது டேக்கோடு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. மற்ற ஹெட்டுகளை மெஷினே பிரித்துவிட்டது. ஜஸ்டினைப் பிரிக்க அதனால் ஆகவில்லை. கண்ணாடி அறையில் யுவராணியையும் ஸ்ரீநாத்தையும் உட்காரவைத்தார்கள். அவன் வரிசையாக விவரத்தைப் படிப்பான், அவள் எதற்காக நடந்த செலவு என்று சொல்லவேண்டும்.

"மைதா மாவு. கேன்டீன் டேக்தானே மேடம்?"

"இல்ல தம்பி. அது அங்கீகாரம்."

ஸ்ரீநாத் நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னாள். கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கக் கமிட்டி வரும் நாள், நாற்காலி போதவில்லை. அப்போதிருந்த டிரைவர் பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலிகளை அள்ளிக்கொண்டு வந்தார். இறக்கிப் போட்டபிறகுதான் தெரிந்தது, ஒவ்வொன்றின் முதுகிலும் மண்டபத்தின் பெயர் சிவப்புப் பெயின்டில் பளிச்சென்று இருக்கிறது. டிரைவர் மைதா மாவு வாங்கிவந்து பசை காய்ச்சி, எல்லா முதுகிலும் வெள்ளைத் தாள் ஒட்டினார். கமிட்டிக்காரர் எழுந்தபோது அவர் சட்டையில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு போனது. அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

ஸ்ரீநாத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மைதா மாவுக்கு அங்கீகாரம் என்று டேக் மாட்டினான்.

பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் என்று ஒன்று வந்தது. முதல் கம்ப்யூட்டர் லேப் திறப்பு, அய்யர் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் அதே டிரைவர்தான் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். அது கணிப்பொறித் துறை. வெள்ளைச் சட்டை என்று இன்னொன்று. எஸ்டேட் கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் பூப்போட்ட சட்டையில் வந்து நின்ற ஒரு பையனை டிரைவர் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆவடி போய் வாங்கிக்கொடுத்தது. அது வேலைவாய்ப்பு. சமோசா என்று ஒரு வரி வந்தபோது, ஆசிரியர் கூட்டம் என்று மட்டும் யுவராணி சொன்னாள். எல்லாருக்கும் ஒன்று, அவளுக்கு மட்டும் தாளில் மடித்து இரண்டு, அந்த இரண்டாவது அவர் சொந்தக் காசு என்பதைச் சொல்லவில்லை. அதற்கு ஏது டேக்.

அவள் வேண்டுமென்றேதான் மெதுவாகப் போனாள். ஒரு வரியில் முடியவேண்டியதை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு இழுத்தாள். ஸ்ரீநாத்தும் ரசித்துக் கேட்டான். காலையில் வந்ததும், இன்னிக்கு டிரைவர் என்ன பண்ணார் மேடம் என்பான். அவனுக்கு டிரைவர் ஒருவர், ஜஸ்ட் இன் என்பது வேறு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. சபீனா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இன்னும் முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போவாள். நாளாக ஆக, பிரித்த வரிகள் அந்தப் பக்கம் ஏற ஏற, இந்தப் பக்கம் ஜஸ்டின் ஹெட் இளைத்துக்கொண்டே வந்தது. பிரிப்பதும் தன் கையாலேயே நடக்கிறதே என்று யுவராணி நினைத்துக்கொள்வாள். ஆனால் நினைத்துப் பார்த்தால், கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரைப் பற்றி யாரிடமும் அவள் இவ்வளவு பேசியதும் கிடையாது.

பிறகு டிரைவர் இல்லாத வருடங்கள் வந்தன. அவற்றில் சொல்லக் கதை இல்லை, மளமளவென்று போய்விட்டது. கடைசி வரி போன வாரத்தது, ஒரு பிளாஸ்டிக் வாளி மூடி. நர்சிங் கல்லூரி, ஹாஸ்டல், பராமரிப்பு. ஸ்ரீநாத் மூன்று டேக்கையும் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான்.

"ஜஸ்ட் இன் முடிஞ்சுது மேடம். பேலன்ஸ் ஜீரோ."

யுவராணி தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்கு வெளியே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வர்ஷா தன் மேஜையில் ஒரு பில்லை வைத்துக்கொண்டு, டேக் பட்டியலில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடிக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு அடுத்த பில்லை எடுத்தாள். எழுந்து வந்து இவளிடம் கேட்கவில்லை. இனிமேல் கேட்கமாட்டாள்.

மூடுகிற ஒவ்வொரு ஹெட்டுக்கும் அது எதற்காக இருந்தது என்று ஒரு குறிப்பு எழுதவேண்டுமாம். ஸ்ரீநாத் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தான். ஜஸ்ட் இன், வகை பிரிக்கும் வரை தற்காலிகமாக வைத்த செலவுகள். இனி யாரும் திறக்கமாட்டார்கள், ஆனாலும் பதிவில் எப்போதும் இருக்கும் என்றான். யுவராணி திரையைப் பார்த்தாள். அவள் கையால் என்றைக்கோ ஏற்றிய பெயர் நடுவில் பிளந்து, இரண்டு ஆங்கில வார்த்தையாக நின்றது. வாயால் சொன்னபோதெல்லாம் தெரியவில்லை. எழுத்தில் பார்க்கும்போது யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது.

"இன்னா தம்பி, நடுவுல எதுக்கு எடம் வுட்டுக்கிற?"

"ரெண்டு வார்த்தைதானே மேடம்?"

"இல்ல. ஒரே வார்த்த. அது ஆளு பேரு."

ஸ்ரீநாத் புரியாமல் திரும்பினான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேஷண்ட் பேர் கேட்டது யுவராணிக்கு ஞாபகம் வந்தது. இப்போது பக்கத்தில் சந்தோஷ் இல்லை.

"டிரைவரு டிரைவருன்னு சொல்லிகினு இருந்தேன் இல்ல, அவரு பேருதான் அது. ஜஸ்டின். என் ஊட்டுக்காரரு."

சொல்லிவிட்டாள். அந்தப் பெயரும் வீட்டுக்காரர் என்ற சொல்லும் அவள் வாயில் ஒன்றாக வந்தது கிடையாது. ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே இத்தனை வருடம் வைத்திருந்தாள்.

ஸ்ரீநாத் அய்யோ மேடம் என்றோ, சாரி மேடம் என்றோ சொல்வான் என்று அவள் பயந்தாள். அவன் திரைப்பக்கம் திரும்பி, நடுவிலிருந்த இடைவெளியை எடுத்தான். தான் எழுதிய குறிப்பையும் முழுக்க அழித்தான். பிறகு விரலைக் கீபோர்டு மேல் வைத்துக்கொண்டு, சாதாரணமாக, கல்லூரியில் புதிதாகச் சேரும் யாரையும் கேட்பது போலக் கேட்டான்.

"சாரோட இனிஷியல் என்ன மேடம்?"

இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. ஹெட்டுக்கு ஏது இனிஷியல், மனுஷனுக்குத்தானே உண்டு.

"ஏ," என்றாள் யுவராணி. "ஏ. ஜஸ்டின். அந்தோணி மவன்."